நாற்பத்து மூன்று கோர்ஸ், ஒரே தலை

எனக்குப் பொய் சொல்ல வராது. முன்பு வரும், நன்றாகவே வரும். இப்போது வராது. ஏன் வராமல் போயிற்று என்பதும் இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது, அவசரமில்லை.

என் பெயர் வெள்ளியங்கிரி. வயது எழுபத்து மூன்று. கோயமுத்தூரில் பம்புசெட் செய்கிற ஒரு கம்பெனியில், வேலையாட்களுக்கு ஆன்லைன் கோர்ஸ் எழுதிக் கொடுப்பது என் உத்தியோகம். பம்பு செய்கிற இடத்தில் கோர்ஸ் எதற்கு என்று கேட்கக் கூடாது. இந்தக் காலத்தில் ஏணியில் ஏறுவதற்கு ஒரு கோர்ஸ், இறங்குவதற்கு ஒரு கோர்ஸ். ஏறுகிற கோர்ஸை மட்டும் முடித்த ஒருவர் எங்கள் தண்ணீர்த் தொட்டி மேலேயே இரண்டு நாள் இருந்தார். சாப்பாடு கயிற்றில் போயிற்று.

வளர்ந்த ஆட்களுக்குப் பாடம் எழுதுவது தனி வித்தை. சின்னப் பிள்ளைகள் சொன்னதைத் திருப்பிச் சொல்லும். நாற்பது வயதுக்காரர், "அது எனக்கு எதுக்குங்க?" என்பார். அதற்குப் பதில் முதல் திரையிலேயே இருந்தாக வேண்டும். ஒரு பாடம் ஏழு நிமிஷத்துக்கு மேல் போனால் ஆள் டீ குடிக்கப் போய்விடுவார், பாடம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே 'அடுத்து' என்கிற பொத்தானை முப்பது விநாடிக்கு அமுங்காமல் பூட்டி வைப்போம். முடிவில் பத்துக் கேள்வி, கேள்விக்கு நாலு விடை. எண்பது மார்க் வாங்கினால் தேர்ச்சி.

இதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. நாலு விடையில் எது நீளமாக இருக்கிறதோ அதுதான் சரியான விடை. சரியானதை எழுதும்போது கவனமாக எழுதுவோம். தப்பான மூன்றையும் எழுதும்போது பசி வந்துவிடும். உலகம் முழுக்க இப்படித்தான். எங்கள் கம்பெனியில் இதைக் கண்டுபிடித்தவர் ஒரே ஒருவர், பூவாத்தாள்.

பூவாத்தாள் வைண்டிங் பகுதியில் இருந்தார். மோட்டாரின் வயிற்றுக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிச் சொருகுகிற வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறார். கை கம்பியில் இருக்கும், கண் ஜன்னலில் இருக்கும், வாய் பக்கத்து மேசையில் இருக்கும். மற்றவர்கள் ஐந்து மணிக்கு முடிப்பதை அவர் மூன்றுக்கே முடித்துவிட்டு, "வேறென்ன வேலைங்க இருக்குது?" என்று நிற்பார்.

அதனால் கம்பெனியில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. சனிக்கிழமை மத்தியானம் கேன்டீனுக்குப் பின்னால் உள்ள அறையில், கம்ப்யூட்டர் முன்னால் பூவாத்தாள் உட்காருவார். ஆட்கள் வரிசையாக வந்து தங்கள் எம்ப்ளாயி நம்பரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒவ்வொருவர் கோர்ஸையும் அவரே திறந்து, நீளமான விடையாகப் பார்த்துத் தட்டி முடித்துவிடுவார். பதிலுக்குப் பலகாரம்தான் கூலி; ஒருவர் வீட்டிலிருந்து கச்சாயம் வரும், ஒருவர் வீட்டிலிருந்து ஒப்புட்டு வரும். கம்பெனியில் என்னைத் தவிர மொத்தம் நாற்பத்திரண்டு பேர். நாற்பத்திரண்டு பேருக்கும் நூற்றுக்கு நூறு. எங்கள் கம்பெனியைப் பாராட்டிக் கேடயமெல்லாம் கொடுத்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் பட்டை வந்தது.

கொண்டுவந்தவர் மிருதுளா. பெங்களூரிலிருந்து வந்தார். முப்பது வயது இருக்கும்; கையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் கறுப்பாக, நெற்றியில் கட்டிக்கொள்கிற மாதிரி ஒரு பட்டை. முதலாளி பாலதண்டாயுதமும் நானும் அவர் எதிரே உட்கார்ந்திருந்தோம். நான் அன்று பழுப்புச் சட்டை போட்டிருந்தேனாம்.

"இனிமே ஸ்லைடு, கேள்வி எதுவும் வேண்டாம் சார்," என்றார் மிருதுளா. "இதைக் கட்டிட்டு நாற்பது நிமிஷம் படுத்தா போதும், மார்க்கை அதுவே போட்டுடும். எழுந்திருக்கும்போது வேலை கைக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தலைக்குங்க?" என்றார் முதலாளி.

"தலைக்கு அவசியமில்ல சார்."

முதலாளிக்கு அது பிடித்துப் போயிற்று.

"எப்படிங்க உள்ள போகுது?" என்று நான் கேட்டேன்.

"பாடத்தை நீங்க எழுதறீங்க இல்லையா சார், அதுதான் எலும்பு. அந்த வேலையில நல்லாத் தேர்ந்த ஒருத்தர் தலையில இதே மாதிரி பட்டையைக் கட்டி, அவங்க வேலை செய்யும்போது பதிஞ்சுக்குவோம். அது சதை. ரெண்டையும் சேர்த்து மத்தவங்களுக்குப் போட்டுடுவோம்."

"அந்தத் தேர்ந்த ஆளோட கிறுக்குத்தனமும் சேர்ந்து வந்துட்டா?" என்றேன்.

"வடிகட்டிடுவோம் சார்."

"ஆளு வேலைய உட்டுட்டுப் போயிட்டா?" என்றார் முதலாளி.

"அதுக்குன்னு வேற ஒரு பட்டை இருக்கு, அதைக் கட்டி அழிச்சுடுவோம். கோர்ஸ் எங்களோடது. ஆளுக்கு வெறும் லைசென்ஸ்தான். ஒரு தலைக்கு ஒண்ணு."

கட்டிக்கொள்கிற ஆள் யார் என்று பட்டைக்கு எப்படித் தெரியும் என்கிற பேச்சும் வந்தது. முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கலாம் என்றார் மிருதுளா. நான் மறுத்தேன். வளர்ந்த ஆட்களைச் சந்தேகப்பட்டால் கற்றுக்கொள்கிற மனசு சுருங்கிவிடும், எம்ப்ளாயி நம்பர் போதும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியே கொடுத்தேன். இதைவிடப் பெரிய தப்பை என் வாழ்நாளில் நான் செய்ததில்லை. செய்திருந்தாலும் ஞாபகமில்லை.

முதல் சனிக்கிழமை வந்தது. எங்கள் ஃபவுண்டரியில் இரும்பு உருக்குகிற நஞ்சப்பன்தான் முதலில் போனார். பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம் பூவாத்தா, கல்யாணத்துல உருமால் கட்டுனதோட தலையில எதையும் கட்டறதில்லீன்னு இருக்கறன். ஒருக்கா கட்டுனதே இன்னம் வலிக்குது. வழக்கம்போல நீயே பாத்துக்க. நம்பர் தொண்ணூத்தாறு."

"அண்ணா, இது தட்டற கோர்ஸில்லீங். உள்ள போற கோர்ஸு."

"போனாப் போகுது. உன்ற தலையில எடமா இல்ல?"

அடுத்தவர் வந்தார். அவரும் நம்பரைச் சொன்னார். பூவாத்தாள் ஒரு சனிக்கிழமைக்கு ஐந்து பேர் வீதம் படுத்து எழுந்தார். உருக்கு, கடைசல், வார்னிஷ், பெயின்ட், ஃபோர்க்லிஃப்ட், முதலுதவி, வாட்ச்மேன் கோர்ஸ் என்று எல்லாம் ஏறின. அவருடைய சொந்த வைண்டிங் கோர்ஸையும் போட்டுக்கொண்டார். முதலாளிக்குக்கூட 'தலைமைப் பண்பு' என்று ஒரு கோர்ஸ் இருந்தது. அவருக்கு அன்று காதுகுத்து விசேஷம். "அம்மிணி, அதையும் நீயே ஒரு எட்டு படுத்து எந்திரிச்சிரு," என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் பூவாத்தாள் ஏதோ சொல்வதற்காக நாற்காலியிலிருந்து எழுந்தார். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். முதலாளி தானாக எழுந்து நின்றார். ஏன் நின்றோம் என்று அவருக்கே தெரியவில்லை. பூவாத்தாள், "உக்காருங்க," என்றதும் உட்கார்ந்தார்.

நாற்பத்து மூன்றாவது கோர்ஸ் என்னுடையது. 'வளர்ந்தோருக்குப் பயிற்சி வகுப்பு அமைப்பது எப்படி' என்று அதற்குப் பெயர். அதற்கான சதையை என் தலையிலிருந்தே எடுத்தார்கள். பெங்களூரில் மூன்று நாள் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கோர்ஸ் எழுதினேன். ஊருக்கு வந்ததும் ஓர் ஈமெயில். அந்தக் கோர்ஸை நானும் முடிக்க வேண்டுமாம். நானே எழுதி, என்னிடமிருந்தே எடுத்த கோர்ஸை நானே படித்துத் தேற வேண்டும். மிருதுளாவுக்கு ஃபோன் போட்டேன்.

"ரூல் சார்," என்றார்.

பூவாத்தாளிடம் போய் நம்பரைச் சொன்னேன்.

அதற்கடுத்த வாரம் கேன்டீனில் நடந்ததுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. பூவாத்தாள் தட்டை வைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"டெஸ்டிங்ல ஏழாம் நம்பர் பம்பு இருக்குதில்லீங், நேத்து அதப் போட்டனுங். இழுத்த இழுப்புல தொட்டித் தண்ணி காலி. அப்பறம் பாத்தா தரைக்கு அடியிலிருந்து இழுக்குது. ஒரு மீனு வந்து உழுந்துச்சுங். வாயில வெச்சுப் பாத்தேன். சிறுவாணித் தண்ணி ருசி."

சுற்றி இருந்த எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். ஒருவர், "இருக்கும், சிறுவாணிதான் ருசி," என்றார்.

அந்தப் பொய் என்னுடையது. முப்பது வருஷத்துக்கு முன் நான் செய்து, நல்ல சமயத்துக்கென்று எங்கும் சொல்லாமல் வைத்திருந்த பொய். வடிகட்டியவர்கள் என் மரியாதையை மட்டும் வடிகட்டி எடுத்துவிட்டு, மீதியை அப்படியே அனுப்பியிருக்கிறார்கள்.

வெளியே கூட்டிப்போய்க் கேட்டேன். "அம்மிணி, அந்த மீன் கதை யாரு சொன்னா?"

"யாரு சொல்லோணுமுங்? நடந்தது தானுங்கய்யா," என்றார். கண் இமைக்கவில்லை. எனக்கே ஒரு நிமிஷம் நடந்திருக்குமோ என்று தோன்றிவிட்டது.

அந்த மாதம் எங்கள் கம்பெனிக்குத் திருவிழா. பூவாத்தாள் மூன்று மணிக்கு வைண்டிங்கை முடித்துவிட்டு ஃபோர்க்லிஃப்டில் ஏறிச் சரக்கை அடுக்குவார். போகிற வழியில் ஒருவருக்குக் கை வெட்டு என்றால் கட்டுப் போடுவார். கடைசல் மிஷின் பக்கத்தில் நின்று, "சத்தம் செரியில்லீங், நிறுத்துங்க," என்பார். நிறுத்திப் பார்த்தால் சக்கரத்தில் பல் தேய்ந்திருக்கும். ஆட்கள் வேடிக்கை பார்க்கவே சீக்கிரம் வேலைக்கு வந்தார்கள். எனக்கு எழுபத்து மூன்று வயதில் காலையில் எழுந்ததும் பல் விளக்கப் பொறுமையில்லை, கம்பெனிக்கு ஓடினேன்.

ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு உருக்கு உலையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அது புது உலை. மின்சாரத்தில் உருக்குவது. அதைச் சுற்றியுள்ள செம்புக் குழாய்ச் சுருளுக்குள் எந்நேரமும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் சுருள் பொத்துக்கொள்ளும். உருகிய இரும்பும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் ஏழு நிமிஷப் பாடமாக எழுதியிருந்தேன். அவசரத்துக்கு இரும்பைக் கொட்டிவிட உலைக்கு முன்னால் ஒரு குழி உண்டு. நஞ்சப்பனின் சான்றிதழ் உலைக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. நூற்றுக்கு நூறு.

நஞ்சப்பன் சான்றிதழையும் விளக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கால் நகரவில்லை. அவரோடு ஆறு பேர் நின்றார்கள். பக்கத்து மேடையில் தண்ணீர் பம்பு செத்துக் கிடந்தது. பம்பு கம்பெனியில் பம்பு செத்தது என்பதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

"பூவாத்தா," என்று நஞ்சப்பன் கத்தினார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த உருக்குத் தொழில்.

வைண்டிங்கிலிருந்து பூவாத்தாள் வந்தார். ஓடவில்லை, தலைமைப் பண்பு கோர்ஸ் போட்டவர்கள் ஓட மாட்டார்கள். காதோரம் ஒரு செம்புக் கம்பித் துண்டு மாட்டியிருந்தது. மின்சாரத்தை நிறுத்தினார். மேல்தொட்டித் தண்ணீரைச் சுருளுக்குத் திருப்பினார். "குழி காஞ்சிருக்குதா, பாருங்," என்றார். யாரோ தொட்டுப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்றார். "அப்ப எல்லாரும் அந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம்." நெம்புகோலைப் பிடித்து உலையைச் சாய்த்தார். ஆரஞ்சு நிறத்தில் இரும்பு தேன் மாதிரி குழிக்குள் இறங்கிற்று. முழுசாக நாலு நிமிஷம். அதற்குள் நஞ்சப்பன் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டுத் தீர்த்துவிட்டு, தெரியாத சாமிகளை ஆரம்பித்திருந்தார்.

ஏழு பேரும் உயிரோடு சுவருக்கு இந்தப் பக்கம் வந்தார்கள்.

உலைக்கு ஒரு கண் உண்டு. நடந்ததைத் தானாகப் பதிந்து பெங்களூருக்கு அனுப்பிவிடும். உருக்குக் கோர்ஸ் இருப்பது தொண்ணூற்றாறாம் நம்பருக்கு, உலையைச் சாய்த்தது நூற்றுப் பதினேழாம் நம்பர், பூவாத்தாள். எப்படி? வெள்ளிக்கிழமை மிருதுளா வந்து நின்றார்.

பூவாத்தாள் தலையில் பட்டையைக் கட்டி, தன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"நாற்பத்து மூணு," என்றார். "ஒரே தலையில. மூணுக்கு மேல தாங்காதுன்னு நாங்க எழுதியே வெச்சிருக்கோம்."

"யாரும் சொல்லலீங்களே," என்றார் பூவாத்தாள்.

"கோர்ஸோட முதல் ஸ்க்ரீன்ல இருக்கும்மா."

அதை யாரும் படிப்பதில்லை. எழுதிய நானே படித்ததில்லை.

முதலாளி எழுந்து, "ஏழு உசுரைக் காப்பாத்திருக்குதுங்க அந்தம்மிணி," என்றார்.

"எனக்குப் புரியுது சார். ஆனா நாற்பத்து ரெண்டு லைசென்ஸ் தப்பான தலையில இருக்கு. ஹெட் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அழிச்சாகணும், பதினொரு நாள்ல. இல்லேன்னா கம்பெனிக்கே சீல்."

"அழிச்சுக்குங்," என்றார் பூவாத்தாள். "எனக்கென்ன? பழையபடி கம்பி சுத்தறன்."

மிருதுளா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். திரையில் ஒரே நூல் கண்டு. பூனை விளையாடிய நூல் கண்டு மாதிரி பல நிறத்தில் பின்னிக் கிடந்தது.

"இந்தச் செம்பு நிறம் பாருங்க. இது உங்க சொந்த வைண்டிங். இருபத்து ரெண்டு வருஷமா நீங்களா கத்துக்கிட்டது. மத்த எல்லாமே இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறியிருக்கு. பிரிக்க முடியாது. அழிச்சா இதுவும் போயிடும்."

பூவாத்தாள் தன் கைகளை மேசை மேல் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப என்ற கை?" என்றார்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. வீட்டுக்காரர் இல்லை. அந்தக் கையைத் தவிர அவருக்கென்று வேறு எதுவும் இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நஞ்சப்பன் வெளியே போய், தொட்டியில் முகம் கழுவுவது போல நின்றுகொண்டார்.

சனிக்கிழமை. வழக்கம்போல ஆட்கள் கேன்டீன் அறைக்கு வந்தார்கள். அழுவதற்கு வந்தார்கள் என்று நினைக்கிறேன். பூவாத்தாள் அழவில்லை. பலகையில் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தார்.

"வாங்க, உக்காருங்க," என்றார். "பத்து நாள் இருக்குதுங். என்ற தலையில இருக்கறது உங்களுது. எடுத்துக்கிட்டுப் போங்க."

"எங்களுக்கெங்க அம்மிணி ஏறும்?" என்றார் நஞ்சப்பன்.

"ஏறும். ஐயாவோட கோர்ஸு என்ற தலையில தான இருக்குது. ஏறாட்டி ஏத்தறது எப்படீன்னு அதுல சொல்லியிருக்கறாரு."

பிறகு நடந்ததை என் தொழிலில் யாரும் கண்டிருக்க மாட்டார்கள். ஸ்லைடு இல்லை, நாலு விடை இல்லை. முதல் கேள்வியே, "இது உங்களுக்கு எதுக்கு?" நஞ்சப்பனிடம் அதைக் கேட்டபோது அவர், "புதன்கிழமை மாதிரி இன்னொருக்கா நிக்க என்னால முடியாது," என்றார். "பாதி பாடம் முடிஞ்சுதுங்," என்றார் பூவாத்தாள். ஆறிக் கிடந்த உலையில் மணலைக் கொட்டி, திடீரென்று மணி அடிப்பார். நஞ்சப்பன் ஓடி நெம்புகோலைப் பிடிக்க வேண்டும். முதல் நாள் குழிக்குப் பதில் முதலாளியின் கார் மேல் சாய்த்தார். மூன்றாம் நாள் குழியில் பாதி. ஆறாம் நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு சாய்த்தார். அது உருமால் துணிதான்.

ஒவ்வொருவருக்கும் ஏழே நிமிஷம், பிறகு அவரவர் இடத்தில் போய்ச் செய்ய வேண்டும், திரும்ப வந்து தப்பைச் சொல்ல வேண்டும். தப்பு சொல்கிறவருக்குக் கச்சாயம். தப்பே செய்யவில்லை என்பவருக்கு ஒன்றும் கிடையாது. கம்பெனி முழுக்க ஆட்கள் தங்கள் தப்புகளைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். முதலாளிகூட வந்து, "நா இருவது வருசமா யாரு பேசறதையும் முழுசாக் கேட்டதில்லீங்க," என்று சொல்லிவிட்டு இரண்டு வாங்கிக்கொண்டு போனார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பத்து வருஷமாக எழுதியதை முதல்முறையாக ஆட்கள் கற்றுக்கொள்வதைப் பார்த்தேனாம்.

ஒன்பதாம் நாள் மிருதுளா அந்த அறைக்கு வந்தார். எல்லாரும் போகக் காத்திருந்தார்.

"அம்மா, ஒரு சின்ன விஷயம்."

"சொல்லுங் கண்ணு."

"எனக்கும் ஒரு கோர்ஸ் பாக்கி. நாலு மாசமா ஹெட் ஆபீஸ்ல நச்சரிக்கறாங்க. நாற்பது நிமிஷம் படுக்கணும். இந்த ரிப்போர்ட் எழுதவே எனக்கு நேரமில்ல. எப்படியும் ரெண்டு நாள்ல அழிக்கத்தானே போறோம்…"

"என்ன கோர்ஸுங்?"

மிருதுளா ஜன்னல் பக்கம் பார்த்தார். "வேலையிடத்தில் நேர்மை."

பூவாத்தாள் சிரிக்கவில்லை. "நம்பரைச் சொல்லிட்டுப் போங்," என்றார்.

பதினோராம் நாள் காலை. அழிக்கிற பட்டை வேறு, வெள்ளை நிறம். முதலுதவி அறையில் கட்டில் போட்டு, ஜன்னலை மூடி, ஆள் தனியாக ஒரு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். மிருதுளா வெளியே மேசை போட்டுக் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தார். பூவாத்தாள் வராந்தாவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்பத்தோரு பேரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

நான் போய் மிருதுளாவின் எதிரே உட்கார்ந்தேனாம்.

"நம்பர் நூத்திப் பதினேழுங்க," என்றேன்.

மிருதுளா என்னைப் பார்த்தார். என் மீசையைப் பார்த்தார். "நீங்க பூவாத்தாளா சார்?"

"ஆமாங்க."

"ஐயா," என்று பூவாத்தாள் ஓடிவந்தார். தலைமைப் பண்பு கோர்ஸையும் மீறி ஓடிவந்தார். "என்ன பண்றீங்? உங்குளுக்கு என்ன ஆகும்னு தெரியுமுங்களா?"

"அம்மிணி, இந்தக் கம்பெனியில ஒருத்தர் கோர்ஸை இன்னொருத்தர் முடிக்கறதுதான வழக்கம்? என்ற நம்பருக்கு நீ படுத்தே. உன்ற நம்பருக்கு நான் படுக்கறேன். எனக்கு வைண்டிங்கே தெரியாது. போறதுக்கு என்ன இருக்குது?"

"சார்," என்றார் மிருதுளா மெல்ல. "இது நாற்பத்து மூணு கோர்ஸையும் தேடித் தேடி அழிக்கும். அதையெல்லாம் எழுதினது நீங்க. நாற்பத்து மூணாவது, உங்க தலையிலிருந்தே எடுத்தது. அதைச் சுத்தி என்னென்ன பின்னியிருக்கோ அதுவும் போகும். பத்து வருஷம் போகலாம்."

"பத்து வருசமா நான் 'அடுத்து' பொத்தானைப் பூட்டி வெச்சதுதான் மிச்சம். போகட்டுமுங்க," என்றேனாம். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க நேர்மைக் கோர்ஸுல எத்தன மார்க்குங்க வந்துச்சு?" என்று கேட்டேனாம்.

மிருதுளாவின் காது சிவந்தது. பிறகு நூற்றுப் பதினேழு என்று தட்டினார். "பூவாத்தாள் அம்மா, உள்ள போய்ப் படுங்க," என்று என்னிடம் சொன்னார்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தேன். சோதனைக்காக என் முன்னால் ஒரு மோட்டாரையும் செம்புக் கம்பியையும் வைத்து, சுற்றச் சொன்னார்கள். எனக்கு எந்த முனை எங்கே போகும் என்று தெரியவில்லை. முழுசாக அழிந்துவிட்டது என்று மிருதுளா எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் அழுதுகொண்டிருந்தார். யார் இந்தப் பெண், ஏன் அழுகிறது என்று நான் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாவிடம் கேட்டேன். காதோரம் செம்புக் கம்பி வைத்திருந்த அந்த அம்மா, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அவர்தான் பூவாத்தாள். அவரே சொன்னார்.

மேலே நான் எழுதிய எல்லாமே அவர் எனக்குச் சொன்னதுதான். பத்து வருஷமும் போய்விட்டது. கோர்ஸ் எழுதுகிற வித்தை போய்விட்டது. அதோடு பின்னிக் கிடந்த என் பொய்களும் போய்விட்டன. கட்டிலில் படுத்ததும் ஞாபகமில்லை. தினம் சாயங்காலம் கேன்டீனில் கச்சாயத்தோடு உட்கார்ந்து, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்.

"நெசமாவா அம்மிணி? நானா அப்படிப் போயி உக்காந்தேன்?" என்று ஒருநாள் கேட்டேன். அந்த அளவுக்கு நல்லவனாக நான் இருந்திருப்பேன் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"நா எப்பங்கய்யா பொய் சொல்லியிருக்கறேன்?" என்றார். கண் இமைக்கவில்லை. கை மட்டும் மோட்டாருக்குள் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தது. கண் ஜன்னலில் இருந்தது. அந்தக் கையை என் கண்ணால் பார்க்கிறேன். அந்த அளவுக்காவது கதை உண்மை.

என்னைக் கம்பெனியில் புதிய ஆளாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். சேர்ந்தவுடன் ஒரு கோர்ஸ் முடிக்க வேண்டுமாம்: 'வளர்ந்தோருக்குப் பயிற்சி வகுப்பு அமைப்பது எப்படி.' கறுப்புப் பட்டையைப் பெங்களூருக்கே திருப்பி அனுப்பிவிட்டதால், பழையபடி கம்ப்யூட்டர் கோர்ஸ்தான். யாரோ நன்றாக எழுதியிருக்கிறார் என்று பேசிக்கொள்கிறார்கள். போன சனிக்கிழமை வரிசையில் நின்று பூவாத்தாளிடம் என் நம்பரைச் சொல்லிவிட்டு வந்தேன்.

எண்பது எடுத்தால் தேர்ச்சி. எனக்கு நூறு வந்திருக்கிறது. என்ன கேள்வி கேட்டார்கள் என்றுதான் தெரியவில்லை.